15,000 வெள்ளிக்கு வீட்டுப் பின்னால ஒரு லோட்டஸ் செவன்: முடியுமா, முடியாதா?

லயத்துப்பையன் (சுங்கை சிப்புட்)

எல்லாருக்கும் வணக்கம். 1957-ல காலின் சேப்மன் கொண்டுவந்த லோட்டஸ் செவன் மாதிரி ஒரு காடி (கார்) கட்டப்போறேன். கூரை இல்ல, கதவு இல்ல, நீட்டு மூக்கு, முன்சக்கரத்துக்கு சைக்கிள் மட்கார்டு. அப்பா தோட்டத்துல டிராக்டர் ஓட்டினவரு. தோட்டம் கைமாறி நாங்க இருந்த லயத்து வீட்ட இடிச்சதும் தாமான் குடியிருப்புல கார்னர் வீடு வாங்கினோம். பின்னால 20க்கு 15 அடி தகரக் கொட்டகை சும்மாதான் கிடக்கு. கையில 15,000 வெள்ளி (ரிங்கிட்) இருக்கு.

சட்டத்துக்கு 25 மில்லி சதுர ஹாலோ இரும்புக் குழாய், 1.6 மில்லி கனம், 6 மீட்டர் நீளத்துல எட்டு. மீட்டருக்கு 1.2 கிலோ கூட வராது, அப்ப முழு சட்டமும் 60 கிலோவுக்குள்ள. இன்ஜின், கியர்பாக்ஸ், பின் ஆக்ஸில் மூணும் ஒரே பழைய டொயோட்டா கேஇ70 கொரோலாவுல இருந்து. 4கே இன்ஜின், 1,290 சிசி. 900 கிலோ காடிய இழுத்துக்கிட்டிருந்தது 500 சொச்சம் கிலோவ இழுத்தா எப்படி இருக்கும்? ராத்திரி படுத்தா இதுதான் கனவு.

வெல்டிங் ரெண்டு மாசமா பழகுறேன். செய்யாதேன்னு சொல்றவங்களும் சொல்லுங்க, ஆனா காரணத்தோட சொல்லுங்க.

அசல் மட்டும் (ஈப்போ)

காரணம் ஒண்ணு போதும். அது லோட்டஸ் இல்ல, சட்டை மாத்தின கொரோலா. கவரிங் சங்கிலியப் போட்டுக்கிட்டு கல்யாணத்துக்குப் போனா பாக்குறவன் ஒண்ணும் சொல்லமாட்டான், ஆனா கழுத்துக்குத் தெரியும். அந்த 15,000-த்துக்கு ஒரு பழைய காடிய வாங்கி ஒழுங்கா மீட்டெடு. ஒரு அசலாவது பொழைக்கும்.

நூத்திருவது ஒய் (கோலகங்சார்)

அசலு அண்ணே, நீங்க கும்புடுற அந்த அசலே ஒரு கதம்பம்தான். முதல் செவன்ல போட்டது ஃபோர்டோட 1,172 சிசி சைடுவால்வ் இன்ஜின். அடுத்த மாடல்ல முன்சக்கரத்தத் தாங்குற அப்ரைட் ட்ரையம்ஃப் ஹெரால்டோடது. அவனவன் காடியில கழட்டினத வச்சுதான் சேப்மனே கட்டினாரு. அதுவும் பாதிக்கு மேல பெட்டியில கிட்டா வித்தது. முழுசா வாங்கினா இங்கிலாந்துல கொள்முதல் வரி, துண்டு துண்டா வாங்கினா வரி இல்ல. கட்டுற குறிப்பு கூடவே குடுத்தா வரி வந்துடும்னு, பிரிக்கிற குறிப்ப அச்சடிச்சுக் குடுத்தாங்களாம். வாங்கினவன் அத கடைசிப் பக்கத்துல இருந்து படிச்சுக்கிட்டான்னு ஒரு கதை உண்டு. 1973-ல வாட் வரி வந்துச்சு, அந்த விளையாட்டு முடிஞ்சுது. அதே வருசம் செவனோட உரிமையும் கேட்டரம்ங்கிற இங்கிலாந்து கம்பெனி கைக்குப் போச்சு.

அப்படி இருக்க வீட்டுல கட்டின செவன் எப்படி கவரிங் ஆகும்? கொட்டகையில கட்டுறதுதான் அதோட குலத்தொழில்.

தம்பி, உங்ககிட்ட ஒண்ணு. கேஇ70 இப்ப மலிவுன்னு நெனைக்காதீங்க. காடிய சறுக்க விட்டு ஓட்டுற டிரிஃப்ட் பசங்க புகுந்து விலைய ஏத்திட்டானுங்க. நிசான் வேனட் சி22 வேன் தேடிப் பாருங்க, அந்தக் காலத்துல காய்கறி வியாபாரியிலிருந்து பள்ளிக்கூட வேன் வரைக்கும் அதுதான ஓடுச்சு. ஏ15 இன்ஜின், டட்சன் 120ஒய்-ல இருக்குற ஏ12-க்குக் கூடப்பொறந்த அண்ணன். எங்காளுங்க 120ஒய்-ல அத இறக்கி ஓட்டிக்கிட்டுத்தான் இருக்காங்க. ஆனா வேன் இன்ஜின் சீட்டுக்கு அடியில படுத்துக்கிட்டு இருக்கும், கியர் கம்பியெல்லாம் சுத்தி வளைச்சு வரும். அத நேர் பண்ண ஒரு மாசம் போகும்.

அசல் மட்டும்

கேட்டரம் கதை சொன்னீங்க, முழுசா சொல்லுங்க. நம்ம மலேசியாக்காரரு டோனி ஃபெர்னாண்டஸ் 2011-ல கேட்டரத்த வாங்கினாரு, 2021-ல அது ஜப்பான் கம்பெனிகிட்ட போச்சு. லோட்டஸையும் 1996-ல நம்ம புரோட்டோன் வாங்குச்சு, 2017-ல பெரும்பங்கு சீனாவோட ஜீலி கையில. இப்ப ரெண்டும் நம்மகிட்ட இல்ல. நான் சொல்றது இவ்வளவுதான்: தம்பி கட்டட்டும், மூக்குல லோட்டஸ் பேட்ஜ் மட்டும் ஒட்டவேணாம்.

லயத்துப்பையன்

பேட்ஜ் ஒட்டமாட்டேன் அண்ணே. அப்பாவோட டிராக்டர்ல இருந்த நம்பர் தகடு கொட்டகையில இருக்கு, அத ஒட்டிக்கிறேன்.

மில் ஃபிட்டர் (சுங்கை சிப்புட்)

பேட்ஜப் பத்தி ரெண்டு நாளா அடிச்சுக்கிறீங்க. தம்பி ரெண்டு மாசம் வெல்டிங் பழகினேன்னு எழுதியிருக்கு, அத ஒருத்தரும் கண்டுக்கல.

நான் செம்பனை மில்லுல 27 வருசம் ஃபிட்டர். 22 வயசுல எனக்கும் இதே பைத்தியம். மருந்தடிக்கிற பம்ப் இன்ஜின், தண்ணி பைப், ஒரு சின்ன கோ-கார்ட். வெல்டு நானே போட்டேன், பாத்தவன் எல்லாம் காசு அடுக்கி வச்ச மாதிரி இருக்குன்னான். மூணாம் நாள் மேட்டுல இருந்து எறங்கும்போது ஸ்டியரிங் தண்டப் பிடிச்சிருந்த பிராக்கெட் கையோட வந்துடுச்சு. பால் சுமக்குற காண்டா வாளியில விழுந்த மாதிரி செம்பனை வடிகால்ல விழுந்தேன். தோள்பட்டை இன்னைக்கும் மழை வந்தா முன்கூட்டியே சொல்லும். அந்த பிராக்கெட்ட அறுத்துப் பாத்தேன். வெல்டு மேல அப்பிக்கிட்டு இருக்கு, இரும்புக்குள்ள எறங்கவே இல்ல. மெழுகு ஒட்டினாப்ல. மிக் வெல்டிங் மெஷின்ல சூடு பத்தாம மெல்லிசு இரும்புல போடுறவனுக்கு இதுதான் நடக்கும். சூட்ட ஏத்தினா 1.6 மில்லியில ஓட்டை விழும், இறக்கினா ஒட்டாது. நடுவுல இருக்குற அந்த நூலளவு இடம் ரெண்டு மாசத்துல கைக்கு வராது.

இன்னொண்ணு, ஹாலோ வாங்கும்போது கறுப்பு இரும்பு வாங்கு. கிரில் கடையில வெள்ளையா இருக்கே, துத்தநாகம் பூசினது, அத கொளுத்தினா வர்ற புகைய மூடின கொட்டகையில இழுத்தா ராத்திரி குளிர்காய்ச்சல் தூக்கிப்போடும். நான் பட்டிருக்கேன்.

கடைசியா, நீ யோசிக்காத இடம். கேஇ70-க்கு முன்பக்கம் ஸ்ட்ரட், அதாவது அப்ரைட்டும் ஷாக்கும் ஒரே குழாயா நிக்கும். செவனுக்கு அப்ரைட்டப் பிடிக்க மேல ஒரு கை, கீழ ஒரு கை. உன் அப்ரைட்ல மேல் கைய மாட்ட இடமே கிடையாது. என்ன பண்ணப்போற?

லயத்துப்பையன்

ஸ்ட்ரட் குழாய குட்டையா அறுத்து மேல பால் ஜாயின்ட் (உருண்டை மூட்டு) மாட்ட அடாப்டர் வெல்டு பண்றதா இருந்தேன்.

மில் ஃபிட்டர்

அதத்தான் பண்ணாதேன்னு சொல்ல வந்தேன். சட்டத்துல ஒரு மூட்டு விட்டா பக்கத்து மூட்டு பிடிக்கும். அப்ரைட்ல விட்டா சக்கரம் தனியா போகும், நீ தனியா போவ.

காவடி கட்டுறவன் (புந்தோங்)

அண்ணன் ரொம்ப பயமுறுத்துறாரு. நான் வருசா வருசம் குனோங் சீரோ கோயிலுக்குக் காவடி கட்டுறேன். அலுமினியக் குழாய், ரிவெட், ஃபைபர் அச்சு. ஆள் ஆடுறான், குதிக்கிறான், கூட்டத்துல இடிக்கிறான், இன்னைக்கு வரைக்கும் ஒண்ணும் கழண்டதில்ல. தம்பிக்கு மூக்கும் மட்கார்டும் நான் அச்செடுத்துத் தரேன், பாய் நாரும் ரெசினும் நீ வாங்கினா போதும்.

மில் ஃபிட்டர்

மூக்க நீங்களே செய்ங்க, உங்கள விட்டா ஆளில்ல. சட்டத்துக்கு மட்டும் காவடிக் கணக்கு ஆகாது. காவடி வளைஞ்சு குடுக்கணும், இல்லன்னா தோள் தாங்காது. காடிச் சட்டம் வளைஞ்சா ஸ்பிரிங் எந்தப் பக்கம் வேலை செய்யுதுன்னே தெரியாது. அதனாலதான் எல்லாத்தையும் முக்கோணமா கட்டுறான். நாலு பக்கச் சட்டம் கையால தள்ளினா சாயும், குறுக்க ஒரு குழாய் போட்டா சாயாது. அந்தக் குறுக்குக் குழாய எடை குறைக்கிறேன்னு விட்டவங்கள பாத்திருக்கேன்.

காவடி கட்டுறவன்

சரி, ஒத்துக்கிறேன். மூக்கு என் பொறுப்பு.

கணக்கக்கா (தைப்பிங்)

இரும்பு பத்தி எனக்குத் தெரியாது, வெள்ளி பத்தித் தெரியும். தம்பி, உன் கணக்குல காடிய நிறுத்துறதுக்கும் உன்ன உயிரோட வைக்கிறதுக்கும் காசே இல்ல. குழாய் 600-ன்னு வச்சுக்குவோம். கேஇ70 ஓடாத நெலமையில 7,000. இப்பவே பாதி போச்சு. நாலு டயர், நாலு ஷாக், பிரேக் பைப், ரேடியேட்டர், எண்ணெய் டாங்கி, வயரிங், நட்டு போல்ட்டு. நட்டு போல்ட்டுன்னு சிரிக்காதே, எங்க வீட்டுக்காரரு ஒரு பழைய மோட்டார் சைக்கிள மீட்டெடுத்தப்ப அந்த ஒரு வரி மட்டும் 800 ஆச்சு. அப்புறம் ஹெல்மெட், பெல்ட், தீயணைப்பான். மிக் மெஷினும் கேஸும் யாரு கணக்கு? நான் கூட்டினா 22,000-த்துல நிக்குது, அதுவும் எதையும் ரெண்டாவது தடவை வாங்காம. முதல் காடி கட்டுறவன் எதையும் ஒரே தடவை வாங்கினதா நான் கேள்விப்பட்டதில்ல.

அத விடு. கட்டி முடிச்சு எங்க ஓட்டுவ?

லயத்துப்பையன்

அக்கா, 22,000 கொஞ்சம் அதிகம். கொரோலாவுல மிச்சமாகுற கதவு, பம்பர், கண்ணாடி எல்லாத்தையும் கேஇ70 ஆளுங்ககிட்ட வித்தா 2,000 திரும்ப வரும். ரோட்டுக்கு வேணாம். தோட்டத்து மண்ரோட்டுல ஓட்டுவேன், வருசத்துக்கு ஒரு தடவை சிப்பாங் ரேஸ் டிராக்குல.

சும்மா பாக்கவந்தேன்

எதுக்கு இவ்ளோ கஷ்டம், கொரோலா சேசிஸ் நம்பர வெட்டி புதுச் சட்டத்துல ஒட்டிடு. கிராண்ட் (காடியோட உரிமைப் பத்திரம்) இருக்கு, ரோட்டேக்ஸ் இருக்கு. யாருக்குத் தெரியும்?

கணக்கக்கா

காடியப் பரிசோதிக்கிற புஸ்பாகோம்ல ரெண்டு நிமிசத்துல தெரியும். கிராண்ட் அந்த நம்பர் பொறந்த காடிக்குத்தான், நம்பர வெட்டி ஒட்டுறது குற்றம். இன்சூரன்ஸும் ஒரு காசு தராது. தயவுசெஞ்சு இந்த யோசனைய இங்க விதைக்காதீங்க.

தம்பி, மண்ரோடும் நீ நெனைக்கிற மாதிரி இல்ல. 1987 சாலைப் போக்குவரத்துச் சட்டத்துல "சாலை"ன்னா அரசாங்க ரோடு மட்டும் இல்ல, பொதுமக்கள் போய்வர்ற வேற ரோடும் சேரும். உங்க தோட்டத்து ரோட்டுல பள்ளிக்கூடப் பிள்ளைங்க போறாங்க, கோயிலுக்குப் போறாங்க, ரொட்டிக்காரர் மோட்டார் போகுது. அத உன் சொந்த ரோடுன்னு எவனும் ஒத்துக்கமாட்டான். அப்ப மிச்சம் சிப்பாங்தான். இங்கிருந்து கிட்டத்தட்ட 300 கிலோமீட்டர், லோரியில ஏத்தித்தான் போகணும். போகவர லோரி வாடகைய எழுதினியா?

நூத்திருவது ஒய்

அக்கா சொல்றது வலிக்குது, ஆனா சரி. அதுக்காக கட்டாதேன்னு ஆகாது. மீன் பிடிக்கப் போறவன் மீனுக்காகவா போறான்? 15,000 குடுத்து ரெண்டு வருசம் கொட்டகையில நிம்மதியா இருக்கலாம்னா அது மலிவு.

முன்பக்கத்துக்கு ஒரு வழி இருக்கு. இங்கிலாந்துல வீட்டுல கட்டுறவங்க கோர்ட்டினா அப்ரைட் போடுவாங்க, இங்க அத தேடிக் கெழவனாயிடுவோம். ஹோண்டா சிவிக் ஈஜி முன்பக்கம் ரெட்டை விஷ்போன் (மேல ஒரு கை, கீழ ஒரு கை), அப்ரைட்ல மேலயும் கீழயும் பால் ஜாயின்டுக்கு இடம் இருக்கு, அறுக்கவும் வேணாம் ஒட்டவும் வேணாம். பழைய காடிய வெட்டி விக்கிற பொத்தோங் கடையில ஒரு ஜோடி கிடைக்கும். ஒண்ணே ஒண்ணு: அது முன்சக்கரம் இழுக்குற காடி. டிரைவ் ஷாஃப்ட் வேணாம்னு முழுசா கழட்டி எறிஞ்சிடாதீங்க. வெளிப்பக்க சிவி ஜாயின்டோட தண்ட மட்டும் ஹப்புல விட்டு நட்ட முறுக்கணும், அதுதான் பேரிங்க இறுக்கிப் பிடிக்குது.

மில் ஃபிட்டர்

இது பேச்சு. இந்தத் திரியில முதல் தடவையா ஒருத்தர் இரும்பத் தொட்டுப் பேசியிருக்காரு.

காடி கவுந்தா காப்பாத்த தலைக்கு மேல போடுற வளைவுக்கும் ஹாலோ போடலாம்னு அடுத்து ஆரம்பிக்காதே தம்பி. உலக மோட்டார் ரேஸ் சங்கமான எஃப்ஐஏ விதியில மெயின் வளைவுக்கு கேட்குறது தையல் இல்லாத குளிர்-இழுப்புக் குழாய், 45 மில்லி விட்டம் 2.5 மில்லி கனம், இல்ல 50க்கு 2. அத வளைக்க உன்கிட்ட மெஷின் இல்ல. அந்த ஒண்ண மட்டும் காசு குடுத்து தெரிஞ்சவன்கிட்ட வளை. மூக்குக்குப் போற காச அங்க போடு, மூக்குதான் ஓசியில வருதே.

அசல் மட்டும்

எல்லாரும் ஒரு வழியா கட்டவே வச்சிட்டீங்க. நான் இன்னும் கவரிங்னுதான் சொல்றேன். ஆனா என்கிட்ட ஒரு ஜோடி ஸ்மித்ஸ் மீட்டர் சும்மா கிடக்கு, ஒண்ணு ஆர்பிஎம். சட்டம் நின்னா சொல்லுங்க.

லயத்துப்பையன்

எல்லாத்தையும் ரெண்டு தடவை படிச்சேன். கேஇ70-ய இப்ப வாங்கல. இந்த மாசம் 600 வெள்ளிக்கு மேல செலவில்ல: ஒரு சமமான மேசை, ரெண்டு குழாய், அவ்வளவுதான். சின்னச் சின்ன டி மூட்டா போட்டுப் பழகுறேன். அண்ணே, நீங்களும் இங்கதான இருக்கீங்க, பாத்துச் சொல்வீங்களா?

மில் ஃபிட்டர்

பாத்து ஒண்ணும் சொல்லமுடியாது, அதத்தான் இவ்வளவு நேரம் எழுதினேன். அறுக்கணும். பத்துத் துண்டு போட்டு வை, எது நல்லா வந்துச்சு எது வரலன்னு நீயே சாக்கட்டியில எழுதி வை, எனக்குக் காட்டாதே. ஞாயித்துக்கிழமை பாசார் முடிச்சு வரேன். ரம்பமும் வைசும் நான் கொண்டாறேன். பத்துல எட்டு தாங்கினா கொரோலாவப் பத்திப் பேசலாம்.

கணக்கக்கா

தாங்கலன்னா 600-தான் நட்டம். எனக்கு சம்மதம்.

லயத்துப்பையன்

ஒம்பது மணிக்கு வந்துடுங்க அண்ணே, அம்மா தோசை சுடுறாங்க.

நூத்திருவது ஒய்

சந்தடி சாக்குல கேட்டுக்கிறேன், ஏ12-க்கு ஹிட்டாச்சி கார்ப்பரேட்டர் யாராச்சும் வச்சிருக்கீங்களா? மிதவை ஓட்டையா இருந்தாலும் பரவால்ல.