கையில் டிடிஆர்4 ரேம் இருக்கிறது: எந்தப் பிராசசரும் மதர்போர்டும் அதற்குப் பொருந்தும்?

கேள்வி: அட்டை_வடிவம்

வணக்கம். சிவகாசியில் அச்சகங்களுக்குக் காலண்டர், டைரி அட்டை, பட்டாசுப் பெட்டி லேபிள் ஆகியவற்றை வடிவமைத்துத் தரும் சிறு தொழில் செய்து வருகிறேன். மூன்றாம் தலைமுறை ஐ5 பிராசசரும் 8 ஜிபி ரேமும் கொண்ட என் பழைய கணினி, இருபதுக்கு முப்பது அங்குலச் சுவர்க் காலண்டர் கோப்பைப் போட்டோஷாப்பில் திறந்தாலே திணறி நின்றுவிடுகிறது. எனவே உதிரிபாகங்களை வாங்கி நானே ஒரு கணினியைப் பூட்டிக்கொள்ள எண்ணியுள்ளேன். ரைசன் 5 7600 பிராசசர், பி650 மதர்போர்டு, ஆர்டிஎக்ஸ் 4060 கிராபிக்ஸ் கார்டு என்பது என் பட்டியல். ரேம் விலை ஏறிக்கொண்டே போனதால் 16 ஜிபி டிடிஆர்4 ரேம் இரண்டை முன்கூட்டியே வாங்கிவிட்டேன். அவற்றைத் திருப்பிக் கொடுக்க வழியில்லை. பழைய கணினியின் கேபினட், 450 வாட் எஸ்எம்பிஎஸ் (மின்சாரம் வழங்கும் பெட்டி), பிராசசரைக் குளிர்விக்கும் கூலர், 1 டிபி ஹார்டு டிஸ்க் ஆகியவற்றை அப்படியே பயன்படுத்தலாமா? விவரம் தெரிந்தவர்கள் சொன்னால், சென்னை ரிச்சி தெருவுக்குச் சென்று மீதியை ஒரே நாளில் வாங்கி வந்துவிடுவேன்.

பதில்: பலகை_பார்வை

வணக்கம் ஐயா. ரைசன் 7600, பி650 இரண்டும் தமக்குள் நன்றாகவே சேரும். உங்கள் ரேம்தான் அவற்றோடு சேராது. அந்தப் பிராசசர் அமரும், 2022இல் வந்த ஏஎம்5 சாக்கெட் (மதர்போர்டில் பிராசசரைப் பொருத்தும் இடம்) அடுத்த தலைமுறையான டிடிஆர்5 ரேமை மட்டுமே ஏற்கும். டிடிஆர்4, டிடிஆர்5 இரண்டிலும் 288 தொடுமுனைகளே இருப்பதால் பார்வைக்கு ஒன்றுபோலத் தோன்றும். ஆனால் அடிவிளிம்பில் உள்ள வெட்டு சற்றுத் தள்ளி அமைந்திருக்கும். உட்காரவில்லையே என்று அழுத்தினால் ஸ்லாட்டுதான் உடையும்.

பலரும் பிராசசரிலிருந்து பட்டியலைத் தொடங்குகிறார்கள். உங்கள் நிலையில், திருப்ப முடியாத பொருள் எதுவோ அதிலிருந்து தொடங்குவதே சரி என்பது என் கருத்து. 2025 இறுதியிலிருந்து ரேம் விலை போகும் போக்கில், கையில் இருக்கும் 32 ஜிபியை ஒதுக்கிவிட்டு டிடிஆர்5 வாங்குவது வீண் செலவு. உங்கள் வேலைக்கு அந்த 32 ஜிபி கட்டாயம் தேவைப்படும். இருபதுக்கு முப்பது அங்குலத்தை 300 டிபிஐயில் (ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி) வைத்தால் 6000க்கு 9000, அதாவது 5 கோடியே 40 லட்சம் பிக்சல். சிஎம்ஒய்கே எனும் நான்கு அச்சு நிறங்களுக்கு ஒவ்வொரு பைட் என்றால், முழுத்தாளை நிரப்பும் ஒரு லேயர் (அடுக்கு) மட்டுமே 200 எம்பியைத் தாண்டுகிறது. அத்தகைய லேயர் பதினைந்து இருந்தால் 3 ஜிபி ஆகிவிடும். அதற்கு மேல், செய்த மாற்றங்களைப் பின்வாங்குவதற்காகப் போட்டோஷாப் நினைவில் வைக்கும் ஹிஸ்டரி வேறு. பழைய கணினி திணறியது இதனால்தான்.

ஆகவே ஐ5 12400 பிராசசரையும், டிடிஆர்4 ஏற்கும் பி660 அல்லது பி760 மதர்போர்டையும் பரிந்துரைக்கிறேன். பி660, பி760 எனும் இந்தச் சிப்செட்டுகளில் (மதர்போர்டின் கட்டுப்பாட்டுச் சில்லு) டிடிஆர்4 பலகையும் உண்டு, டிடிஆர்5 பலகையும் உண்டு என்பதால், பெட்டியின் மேல் டி4 என்றோ டிடிஆர்4 என்றோ இருப்பதைப் படித்துப் பார்த்த பிறகே பணம் கொடுங்கள். 12400எஃப் சற்று மலிவாகக் கிடைக்கும். ஆனால் அதில் உள்ளமைந்த கிராபிக்ஸ் இல்லாததால், தனிக் கார்டு இல்லாமல் மானிட்டரில் படமே வராது. எஃப் இல்லாததை வாங்கினால், கார்டு உண்மையிலேயே வேண்டுமா என்பதைச் சில மாதம் வேலை செய்து பார்த்தே முடிவு செய்யலாம்.

பழைய கூலர் பொருந்தாது. உங்கள் பழைய சாக்கெட்டில் கூலர் துளைகளுக்கு இடையே 75 மில்லிமீட்டர், 12400 அமரும் எல்ஜிஏ1700 சாக்கெட்டில் 78. மூன்று மில்லிமீட்டர்தானே என்று இழுத்துப் பூட்ட முயல வேண்டாம். பிராசசரை டிரேயாக (பெட்டியில்லாமல் தனியாக) வாங்காமல் பெட்டியோடு வாங்கினால் கூலரும் உடன் வரும். ஹார்டு டிஸ்கைத் தாராளமாகச் சேர்க்கலாம். விண்டோஸை மட்டும் புதிய என்விஎம்இ எஸ்எஸ்டியில் (மதர்போர்டிலேயே செருகும் வேகமான சேமிப்பகம்) புதிதாக நிறுவுங்கள். எஸ்எம்பிஎஸ் பற்றிச் சொல்வதற்கு அதன் லேபிளைப் பார்க்க வேண்டும்: 12 வோல்ட் என்பதற்கு நேரே எத்தனை ஆம்பியர் என்று இருக்கிறது?

பதில்: நாளைய_சாக்கெட்

முந்தைய பதிலில் ஒன்றில் மட்டும் மாறுபடுகிறேன். இன்டெலின் எல்ஜிஏ1700 சாக்கெட் பதினான்காம் தலைமுறையோடு முடிந்துவிட்டது. 2024இல் வந்த கோர் அல்ட்ரா 200எஸ் வரிசைக்குச் சாக்கெட்டே வேறு. ஏஎம்டியோ ஏஎம்5 சாக்கெட்டை 2027க்குப் பிறகும் தொடரப்போவதாக அறிவித்திருக்கிறது. முந்தைய ஏஎம்4இல், 2017இல் வாங்கிய பலகைகள் பலவற்றில் பயாஸை (மதர்போர்டின் அடிப்படை மென்பொருள்) புதுப்பித்து 2022இல் வந்த 5800எக்ஸ்3டி பிராசசரைப் பூட்ட முடிந்தது. இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை பிராசசரை மாற்றும் பழக்கம் உள்ளவர் என்றால், ரேமை யாருக்காவது விற்றுவிட்டு ஏஎம்5க்குப் போவதே நல்லது.

அட்டை_வடிவம்

இருவருக்கும் மிக்க நன்றி. பழைய கணினியைப் பத்தாண்டுக்கு மேல் மாற்றாமல் ஓட்டியவன் நான். அதனால் ரேமை வைத்துக்கொண்டு 12400க்கே போகிறேன். லேபிளில் 12 வோல்ட்டுக்கு நேரே 17 ஆம்பியர் என்று இருக்கிறது. பிராசசருக்குச் செல்லும் வயரின் முனையில் நான்கு பின் மட்டுமே உள்ளன.

பதில்: பலகை_பார்வை

பன்னிரண்டைப் பதினேழால் பெருக்கினால் 204 வாட். இன்றைய கணினி தன் மின்சாரத்தின் பெரும்பகுதியை 12 வோல்ட் வழியாகவே எடுப்பதால், லேபிளில் உள்ள 450ஐ விட இந்த 204தான் உங்களுக்கு உரிய கணக்கு. 12400 உச்ச வேகத்தில் 117 வாட் வரை எடுக்கும். பின்னாளில் 4060 சேர்த்தால் அது 115. இரண்டும் சேர்ந்து 232 ஆகிறது. மதர்போர்டையும் டிஸ்கையும் நான் இன்னும் சேர்க்கவே இல்லை. புதிய பலகைகள் பெரும்பாலும் பிராசசருக்கு 8 பின் இணைப்பைக் கேட்கும். எனவே 80 பிளஸ் புரோன்ஸ் (மின்சாரத்தை அதிகம் வீணாக்காததற்கான வெண்கலச் சான்று) தரமுள்ள 550 வாட் எஸ்எம்பிஎஸ் ஒன்றைப் புதிதாக வாங்கிவிடுங்கள். இதில் மட்டும் சிக்கனம் பார்க்க வேண்டாம்.

பதில்: கேபிள்_கணக்கு

ஒரு எச்சரிக்கை. வாங்கப்போவது மாடுலர் (கேபிள்களைக் கழற்றி மாட்டும் வகை) எஸ்எம்பிஎஸ் என்றால், அதனுடன் வந்த கேபிள்களை மட்டுமே பயன்படுத்துங்கள். டிஸ்க் பக்கத்து முனை எல்லாவற்றிலும் ஒன்றாக இருந்தாலும், எஸ்எம்பிஎஸ் பக்கத்தில் எந்தப் பின்னில் எத்தனை வோல்ட் என்பதற்குப் பொதுவான விதி கிடையாது. வேறொரு எஸ்எம்பிஎஸ்ஸின் சாட்டா (டிஸ்குக்கு மின்சாரம் தரும்) கேபிள் நன்றாகப் பொருந்தியதால் நான் அதையே செருகி சுவிட்சைப் போட்டேன். தீய்ந்த வாடை வந்தது, குடும்பப் படங்கள் இருந்த டிஸ்க் அதன் பிறகு சுழலவே இல்லை. உங்கள் டிஸ்கில் பழைய காலண்டர் வடிவங்கள் இருக்கும் அல்லவா? ஊருக்குத் திரும்பியதும் முதலில் எஸ்எஸ்டியை மட்டும் இணைத்து இயக்கிப் பாருங்கள். ரேம் இரண்டையும், நான்கு ஸ்லாட் உள்ள பலகை என்றால் பிராசசரிலிருந்து எண்ணி இரண்டாவது, நான்காவது ஸ்லாட்டில் செருகி, பயாஸில் 32 ஜிபி தெரிகிறதா என்று பார்த்த பிறகு டிஸ்கை இணைக்கலாம்.