மறுமொழி: முட்டையை வெளிச்சத்தில் பார்ப்பதற்கு ஒரு சொல் – ‘ஒளிநோட்டம்’

நண்பர்களே, வணக்கம்.

தாடி ஓணான் வளர்ப்புக் கையேட்டைத் தமிழில் எழுதிவரும் நண்பர் ‘கேண்ட்லிங்’ என்பதற்கு, அதாவது உள்ளே கரு வளர்கிறதா என்று முட்டையருகே விளக்கைப் பிடித்துப் பார்ப்பதற்கு, தமிழ்ச் சொல் கேட்டிருந்தார். வந்த பரிந்துரைகளை எல்லாம் படித்தேன். முதலில் ஒரு வார்த்தை: ‘தாடி டிராகன்’ வேண்டாம், ‘தாடி ஓணான்’ போதும் என்று இங்கே ஓர் அக்கா எழுதியதை முழுமனதோடு ஏற்கிறேன். ஆஸ்திரேலியாவின் வறண்ட உள்நிலத்து உயிர் என்றாலும் அதுவும் நம் ஓணானும் ஒரே அகாமிடே குடும்பம்.

> மெழுகுவர்த்தி வைத்துப் பார்த்ததால் வந்த பெயர்தானே? ‘மெழுகொளிச் சோதனை’ என்றால் என்ன?

ஐயா, மெழுகுவர்த்தி போய்ச் சிறிய எல்இடி டார்ச் வந்து வெகுகாலம் ஆகிவிட்டது. இந்த முட்டைகள் 28, 29 டிகிரி செல்சியஸில் இருக்க வேண்டியவை. சூடாகாத விளக்கை ஓரிரு நொடி மட்டும் ஓட்டருகே பிடிக்க வேண்டும் என்று ஒரு பக்கம் எழுதிவிட்டு, சொல்லிலேயே மெழுகுவர்த்தியை ஏற்றி வைப்பது சரியாக இல்லை.

> கோழி முட்டையைக் கையில் சுழற்றித்தான் பார்ப்பார்கள். ‘சுழல்பார்வை’ எனலாமே.

இதை மட்டும் வேண்டவே வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். கோழி முட்டைக்குள் மஞ்சள் கருவை இரு முனையிலும் இழுத்துப் பிடிக்கும் முறுக்கிய இழைகள் உண்டு. தாய்க்கோழியே முட்டையைத் திருப்பிவிடும். ஓணான் முட்டையில் அந்த இழைகள் இல்லை. இட்ட ஓரிரு நாளில் கரு உட்சவ்வோடு ஒட்டிக்கொள்ளும். அப்புறம் முட்டையை உருட்டினால் கரு செத்துப்போகலாம். அதனால்தான் எடுக்கும்போதே மேற்பக்கத்தில் பென்சிலால் புள்ளி வைத்து, அந்தப் புள்ளி மேலே இருக்கும்படியே கடைசிவரை வைத்திருக்கிறோம். புதிதாக வளர்ப்பவர் ‘சுழல்பார்வை’ என்று படித்தால் கை தானாகச் சுழற்றும்.

> ‘ஊடொளிச் சோதனை’ எளிமையாக, பிழையில்லாமல் இருக்கிறது.

பிழையில்லை, உண்மைதான். ‘ஊடொளி’ எனக்கும் பிடித்த சொல். என் தயக்கம் ‘சோதனை’ மீது. சோதனை என்றதும் தேறியது, தேறாதது என்று ஒரே வீச்சில் முடிவு வந்துவிடும் என்ற எண்ணம் எழுகிறது. இந்த முட்டைகள் அப்படிப் பதில் சொல்வதில்லை. முதல் சில நாள்கள் கரு கூடிய முட்டையும் வெறும் மஞ்சளாகத்தான் ஒளிரும், கூடாததும் மஞ்சள்தான். ஒரு வாரம், பத்து நாள் போனபின் இளஞ்சிவப்புத் திட்டு ஒன்று தெரியும், அதிலிருந்து நூல் நூலாக இரத்தக் குழாய்கள் பரவும். பின்னர் கரு வளர வளர உள்ளே இருண்டுகொண்டே வரும். ஒரு முறை பார்த்தால் தெரிவது ஒரு நிலை மட்டும். போன வாரம் தெரிந்த குழாய் இந்த வாரம் இருக்கிறதா, மங்கிவிட்டதா என்று ஒப்பிட்டால்தான் ஏதாவது சொல்ல முடியும்.

இதை எழுத எனக்குக் காரணம் உண்டு. என் முதல் ஈட்டில் (ஒரே தடவையில் இட்ட முட்டைகளில்) ஒரு முட்டை மஞ்சளாகவே தெரிந்தது, பக்கவாட்டில் பள்ளமும் விழுந்திருந்தது. பன்னிரண்டாம் நாள் அதைக் கெட்டுப்போனது என்று எடுத்து வெட்டிப் பார்த்தேன். உள்ளே சிவப்பாக ஒரு புள்ளி துடித்துக்கொண்டிருந்தது. அந்தத் துடிப்பு நிற்கும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். இன்னும் ஒரு வாரம் விட்டிருந்தால் எனக்கே தெரிந்திருக்கும்.

ஆகவே என் பரிந்துரை: ஒளிநோட்டம்.

நாணயம் நல்லதா கள்ளமா என்று கண்ணாலும் விரலாலும் பார்த்துச் சொல்வதற்கு நம்மிடம் ‘நோட்டம்’ என்ற சொல் இருந்தது. பார்த்துச் சொல்பவர் நோட்டக்காரர். பழகிய கண், பொறுமை, மதிப்பீடு எல்லாம் அந்தச் சொல்லுக்குள் இருக்கின்றன. ‘நோட்டம் விடுதல்’ என்றால் திருடன் வீட்டைச் சுற்றிப் பார்ப்பதுபோல் கேட்கிறது என்று ஒருவர் சொல்லக்கூடும். அது ‘விடு’ சேர்வதால் வரும் தொனி. ‘ஒளிநோட்டம் பார்த்தேன்’ என்று சொல்லிப் பாருங்கள், அந்தத் தொனி போய்விடும். விளக்குக்கு ‘நோட்ட விளக்கு’. கோழி, பாம்பு, ஆமை என எந்த முட்டைக்கும் இதே சொல் பொருந்தும்.

இதையொட்டி இன்னும் மூன்று சொற்கள்.

‘கூமுட்டை’யைக் கருவே கூடாத முட்டைக்கும், நடுவில் கரு செத்த முட்டைக்கும் சேர்த்தே சொல்கிறோம். பேச்சில் இருக்கட்டும், கையேட்டில் பிரிக்க வேண்டும். கரு கூடாத முட்டை என்றால் இணை சேர்ந்ததில் குறையா என்று பார்க்க வேண்டும். கரு செத்த முட்டை என்றால் பெரும்பாலும் வெப்பம், ஈரம், கை ஆட்டம் இவற்றைத்தான் முதலில் பார்க்க வேண்டும். ‘கரு கூடாதது’, ‘கரு செத்தது’ என்று நேராகவே எழுதலாம். பூஞ்சை பிடித்தாலே செத்தது என்றும் எழுதிவிடக் கூடாது. நல்ல முட்டையில் பூஞ்சை அதிகம் ஏறுவதில்லை என்பது சரி. ஆனால் பக்கத்துக் கெட்ட முட்டையிலிருந்து பரவியிருக்கலாம். நாற்றமடித்து, நிறம் மாறி, கூழாகச் சரிந்தால்தான் சந்தேகமில்லாமல் சொல்லலாம்.

அடுத்தது அந்தப் பள்ளம். ‘குழிவு’ என்று வந்திருந்தது. பாத்திரத்துக்கு நாம் சொல்லும் ‘ஒடுக்கு விழுதல்’ இதற்கு அப்படியே பொருந்துகிறது, ஏனென்றால் பாத்திரத்தின் ஒடுக்கை எடுக்க முடிவதுபோல இதையும் எடுக்க முடியும். தாடி ஓணான் முட்டையின் ஓடு தோல்போல வளையும், சுற்றியுள்ள ஈரத்தை உறிஞ்சி முட்டை பெருத்துக்கொண்டே போகும். தொடக்கத்திலோ நடுவிலோ ஒடுக்கு விழுந்தால் பெரும்பாலும் ஈரம் போதவில்லை என்று பொருள். முட்டைமேல் படாமல், முட்டைகளைப் பதித்து வைத்திருக்கும் வெர்மிகுலைட் என்ற ஈரம் தாங்கும் கனிமத் துகளில் நீர் சேர்த்தால் மறுபடி உப்பிவிடக்கூடும். கடைசி நாள்களில் முட்டை தொய்வது வேறு. மேலே நீர்த்துளிகள் அரும்பி, உப்பியிருந்தது சுருங்கினால் குஞ்சு வெளிவரப் போகிறது. அங்கே நீர் ஊற்ற ஓடக் கூடாது. இதற்குத் ‘தளர்வு’ என்று தனிச் சொல் வைத்தால் இரண்டும் குழம்பாது.

மூன்றாவது, குஞ்சு ஓட்டைத் திறப்பது. ‘கொத்துதல்’ கோழிக்குஞ்சுக்குச் சரி. ஓணான் குஞ்சு மூக்கு நுனியில் உள்ள முட்டைப்பல்லால் ஓட்டைக் கிழிக்கிறது, எனவே ‘கீறுதல்’.

சொல் நடக்குமா என்பது வாக்கியத்தில் வைத்தால்தான் தெரியும். கையேட்டுக்கு இப்படி ஒரு பத்தி எழுதிப் பார்த்தேன்:

“இட்ட பத்தாம் நாள் முதல் ஒளிநோட்டம் பார்க்கலாம். முட்டையை எடுக்காமல், திருப்பாமல், நோட்ட விளக்கைப் பக்கவாட்டில் பிடியுங்கள். இரத்தக் குழாய் தெரிந்தால் கரு கூடியிருக்கிறது. தெரியாவிட்டால் முட்டையை அப்படியே விட்டு அடுத்த வாரம் மறுநோட்டம் பாருங்கள். ஒடுக்கு விழுந்திருந்தால் ஈரத்தைச் சரிசெய்யுங்கள். சுமார் 55 முதல் 75 நாளுக்குள், வெப்பத்தைப் பொறுத்து, முட்டை தளர்ந்து குஞ்சு கீறும். கீறியபின் முழுதாக வெளிவர ஒரு நாளுக்கு மேலும் ஆகலாம். மிச்ச மஞ்சள் கருவை அது உள்ளிழுத்துக்கொண்டிருக்கும் நேரம் அது, பிடித்து இழுக்காதீர்கள்.”

‘மறுநோட்டம்’ எழுதும்போது தானாக வந்து விழுந்தது. எங்கே நாக்கு தடுக்குகிறது என்று வாய்விட்டுப் படித்துவிட்டுச் சொல்லுங்கள். ‘தளர்வு’ எனக்கே இன்னும் முழுதாக உறுதிப்படவில்லை, அதைவிட நல்லது இருந்தால் உடனே மாற்றிக்கொள்ளலாம்.