முதுமையிலும் விசுவாசம் குன்றாமல் இருக்க: 71ஆம் சங்கீதத்தை எப்படிச் செபிக்கலாம்?

கேள்வி (உடுவில்):
அம்மம்மாவுக்கு 84 வயது. கண் மங்கல், மறதியும் கூடிப்போச்சு. "கடைசி மட்டும் விசுவாசத்தில நிக்கவேணும்" எண்டுதான் நெடுகக் கேக்கிறா. பின்னேரச் செபத்தில 71ஆம் சங்கீதத்தை எப்படி வாசிச்சால் அவவுக்குப் பிடிபடும்?

பதில் 1:
நல்ல தெரிவு, தம்பி. மொத்தம் 24 வசனம். ஒரே மூச்சில வாசிச்சா அவ களைச்சுப்போவா. 1–8, 9–16, 17–24 எண்டு மூண்டு நாளாப் பிரியுங்கோ. முதற் பகுதியில தாயின்ர வயித்தில இருந்தே தாங்கினவர் எண்ட நினைவு. அதுக்குப் பிறகுதான் 9இல, முதிர்வயதில தள்ளிவிடாதேயும் எண்ட கெஞ்சல். கலங்குவா எண்டு பயந்து கன பேர் இந்த வசனத்தைத் தாண்டிப் போறவை. அது பிழை. அவவின்ர பயத்துக்கு அங்கதான் வாய் கிடைக்குது. அதில நிப்பாட்டி ஒரு நிமிசம் பேசாமல் இருங்கோ. 18இல நரைமயிரும் அடுத்த தலைமுறையும் வரும். அந்த இடத்தில பேரப்பிள்ளையளின்ர பேரை ஒவ்வொண்டாச் சொல்லவிடுங்கோ.

பதில் 2:
அவ சின்னனில பாடமாக்கின பழைய திருப்புதலிலேயே (வேதாகமத்தின்ர பழைய மொழிபெயர்ப்பு) வாசியுங்கோ. புது மொழிபெயர்ப்பு விளங்க லேசு, ஆனா மறதி வந்த ஆக்களுக்குப் பழைய சொல்லுத்தான் தானா வாயில வரும். முதற்பாதியை நீங்கள் சொல்லி நிப்பாட்டுங்கோ, மிச்சத்தை அவ பிடிப்பா. பிழை விட்டாலும் திருத்தாதேங்கோ. ரெண்டு தரம் திருத்தினா மூண்டாந்தரம் வாய் திறக்கமாட்டா.

பதில் 3:
நல்லாக் கேக்கிற காதுப் பக்கம் இருந்து, தாழ்ந்த குரலில ஆறுதலா வாசியுங்கோ. கத்தினாச் சொல் உடையும். பழைய கத்தோலிக்கப் புத்தகம் எண்டால் இதே சங்கீதம் 70ஆம் இலக்கத்தில இருக்கும்.