சென்னையில் வேலை, கூந்தன்குளத்தில் பறவைக் கூடு கணக்கு: சனி, ஞாயிறை எப்படிக் காப்பாற்றுகிறீர்கள்?

குளத்தங்கரை:
சென்னையில் ஒரு தனியார் கலைக் கல்லூரியில் வேதியியல் உதவிப் பேராசிரியராக இருக்கிறேன். ஒன்பது வருடம் ஆகிறது. சொந்த ஊர் திருநெல்வேலி மாவட்டத்தில் மூலைக்கரைப்பட்டி பக்கம். வீட்டிலிருந்து அப்பாவின் டிவிஎஸ் எக்ஸ்எல்லில் இருபது நிமிடம் போனால் கூந்தன்குளம் பறவைகள் சரணாலயம்.

மாதம் இரண்டு தடவை வெள்ளி இரவு எழும்பூரில் நெல்லை எக்ஸ்பிரஸ் ஏறிவிடுவேன். சனி சாயங்காலமும் ஞாயிறு விடியற்காலையும் குளக்கரையில். ஞாயிறு இரவு திரும்ப ரயில், திங்கள் தாம்பரத்தில் இறங்கி, அறையில் குளித்துவிட்டு முதல் பீரியட். இப்படியே ஓடிக்கொண்டிருந்தது.

இந்த வருடம் சனிக்கிழமைகளில் பிரிட்ஜ் கோர்ஸ் (அடிப்படைப் பாடங்களுக்கான கூடுதல் வகுப்பு) வைத்துவிட்டார்கள். எந்தச் சனி யாருக்கு என்பது அந்த வாரம் புதன்கிழமைதான் தெரியும். ரயில் முன்பதிவோ 60 நாள் முன்பே திறந்து, வெள்ளி இரவு டிக்கெட் உடனே தீர்ந்துவிடும். வகுப்பும் பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) சொல்லும் 16 மணி நேரத்தைத் தாண்டி வாரம் 20 மணி நேரம்.

ஆவணி, புரட்டாசி என்றால் பரவாயில்லை. பறவைகள் வந்து கூடு கட்டும் தை, மாசி, பங்குனியில்தான் எங்களுக்கு இரண்டாவது செமஸ்டர் உச்சத்தில் இருக்கும்: பிராக்டிகல், இன்டர்னல், அங்கீகாரக் குழுவுக்கான ஃபைல்கள், அப்புறம் பேப்பர் திருத்தும் முகாம்.

கூந்தன்குளத்தைப் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். 1994-இல் சரணாலயமாக அறிவித்தார்கள். ஆனால் அதற்கெல்லாம் முன்பிருந்தே பறவைகளைக் காப்பாற்றி வருவது ஊர்க்காரர்கள்தான். தீபாவளிக்கு வெடி போடமாட்டார்கள். வீட்டு முற்றத்து மரத்திலேயே கூழைக்கடாவும் மஞ்சள் மூக்கு நாரையும் கூடு கட்டும். எச்சம் விழும், வாடை அடிக்கும், யாரும் விரட்டுவதில்லை. கூட்டிலிருந்து விழுந்த குஞ்சை எடுத்து மீன் கொடுத்து வளர்ப்பார்கள். நான் ஆறு வருடமாக ஒரே ஒரு கருவேல மரத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அதிலுள்ள நாரைக் கூடுகளை எண்ணி நோட்டில் எழுதி வருகிறேன். போன மாசியில் ஐந்து வாரம் போக முடியவில்லை. போனபோது குஞ்சுகள் கூட்டில் எழுந்து நின்று சிறகடித்துக்கொண்டிருந்தன. எப்போது பொரித்தன, எத்தனை தப்பின, என் நோட்டில் இல்லை. அன்று கரையிலேயே உட்கார்ந்து அழுதேன்.

ஊர்ப் பக்கமே ஒரு கல்லூரிக்கு மாறிவிடலாமா? இல்லை, இங்கிருந்துகொண்டே சமாளிக்க வழி இருக்கிறதா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

மலைச்சாரல்:
நான் கோயம்புத்தூரில் ஆங்கிலம் எடுக்கிறேன், வீடு வால்பாறை. தொலைவு உங்களுக்கு இருப்பதில் கால்வாசிகூட இல்லை. ஆனால் ஆழியாறு தாண்டி 40 கொண்டை ஊசி வளைவு ஏற வேண்டும், கடைசி பஸ்ஸை விட்டால் சனிக்கிழமை போச்சு. எனக்குப் பயன்பட்டது இதுதான்: செமஸ்டர் தொடங்கும் முன்பே, கால அட்டவணை போடுபவரிடம் எழுத்தில் கேட்டேன். வெள்ளி கடைசி இரண்டு பீரியடைச் சக ஆசிரியர் ஒருவர் எடுத்துக்கொள்கிறார், அவருடைய திங்கள் முதல் பீரியடை நான் எடுக்கிறேன். அவருக்குக் குழந்தையைப் பள்ளியில் விட வேண்டும், அதனால் அவருக்கும் நிம்மதி. சனிக்கிழமைகளையும் அப்படிக் கேளுங்கள் அக்கா. "முதல், மூன்றாம் சனி முழுவதும் என் பொறுப்பு, மற்றவை வேண்டாம்" என்றால் ஒத்துக்கொள்ள ஆள் இருப்பார்கள். தேதி முன்னாடியே தெரிந்தால் டிக்கெட் பிரச்சினையும் பாதி தீரும். விடைத்தாளை மட்டும் ஊருக்குக் கொண்டு போகாதீர்கள். வீட்டு ஜன்னலுக்கு வெளியே சோலைமந்தி தாவிக்கொண்டிருக்க, உள்ளே உட்கார்ந்து திருத்திய ஞாயிறுகள் எனக்கு இன்னும் வலிக்கின்றன.

நாங்குநேரிக்காரன்:
மாறுவது பற்றிக் கேட்டீர்கள். மூன்று வருடம் முன்பு சென்னையை விட்டு திருநெல்வேலியில் ஒரு சுயநிதிக் கல்லூரிக்கு வந்தேன். சம்பளத்தில் 14,000 குறைந்தது. சனிக்கிழமை இங்கேயும் வேலை நாள்தான். சித்திரை, வைகாசியில் அட்மிஷனுக்காக ஊர் ஊராக அனுப்புகிறார்கள். ஆனால் வார நாளின் காலை கிடைத்தது. ஆறரைக்கு நயினார்குளம், ஒன்பதுக்குக் கல்லூரி. எனக்கு அது போதுமாக இருக்கிறது. வீட்டுக்கடன் இருந்தால் யோசித்துச் செய்யுங்கள்.

பொருநைக்கரை:
பாளையங்கோட்டையில் விலங்கியல் எடுத்து ஓய்வு பெற்றவன். அம்மா, உங்கள் பிரச்சினையில் இரண்டு விஷயம் கலந்து கிடக்கிறது. ஒன்று, நீங்கள் குளத்துக்குப் போவது. இன்னொன்று, அந்த மரத்தின் கணக்கு விடுபடாமல் இருப்பது. இரண்டாவதை நீங்களே செய்ய வேண்டும் என்று யார் சொன்னது? கூடு எண்ண பட்டம் தேவையில்லை. ஒரே இடத்தில் நின்று, ஒரே நேரத்தில், ஒரே மாதிரி எண்ண வேண்டும், அவ்வளவுதான். அப்பாவுக்குச் சொல்லிக் கொடுங்கள். முதல் இரண்டு தடவை இருவரும் தனித்தனியாக எண்ணி, எழுதி, அப்புறம் ஒப்பிட்டுப் பாருங்கள். வித்தியாசம் எவ்வளவு என்று தெரிந்துவிட்டால் அவர் கணக்கை நம்பலாம். யார் எண்ணியது என்பதை மட்டும் நோட்டில் தவறாமல் குறித்துவிடுங்கள்.

குளத்தங்கரை:
மூவருக்கும் நன்றி. மலைச்சாரல், நீங்கள் சொன்னபடி கேட்டுப் பார்த்தேன். முதல், மூன்றாம் சனி எனக்கு என்று துறையில் முடிவாகிவிட்டது, அதுவும் எழுத்தில். நாங்குநேரிக்காரன், தம்பி படிப்புக்கடன் முடிய இன்னும் இரண்டு வருடம் இருக்கிறது. மாறுவதை அதுவரை தள்ளி வைக்கிறேன்.

ஐயா, போன ஞாயிறு அப்பாவோடு எண்ணினேன். எனக்கு 31 கூடு, அவருக்கு 34. யார் சரி என்று மறுபடி எண்ணினோம். மரத்தின் மேற்குப் பக்கம் கிளைக்குப் பின்னால் மூன்று கூடு எனக்குத் தெரியவே இல்லை. அவர் என்னைவிட உயரம், இரண்டடி தள்ளி நின்றிருந்தார். அந்த இடத்தில் ஒரு கல் நட்டுவிட்டோம். இனி இரண்டு பேரும் அங்கேதான் நிற்போம். பட்டைத்தலை வாத்தை "கோடு போட்ட வாத்து" என்கிறார். நோட்டில் அப்படியே எழுதட்டும் என்று விட்டுவிட்டேன். இன்று காலை ஏழு மணிக்குப் போன் செய்தார். 36.