புதுப்பிப்பு: 'இரண்டில் ஒன்று' என்ற விடை சரிதான்

வங்கித் தேர்வுக் கேள்வி ஒன்றை முன்பு பதிவிட்டிருந்தேன். அதில் உண்மை என்றே எடுத்துக்கொள்ள வேண்டிய கூற்றுகள் இரண்டு: எல்லாப் பேனாக்களும் புத்தகங்கள். சில புத்தகங்கள் நாற்காலிகள். 'சில பேனாக்கள் நாற்காலிகள்', 'எந்தப் பேனாவும் நாற்காலி அல்ல' என்ற முடிவுகளில் எதையும் தனியாக உறுதி செய்ய முடியாதபோது, 'இரண்டில் ஒன்று சரி' என்பது எப்படி விடையாகும்?

ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு வட்டம் போட்டதும் முடிச்சு அவிழ்ந்தது. புத்தக வட்டத்துக்குள் பேனா வட்டம். நாற்காலி வட்டம் பேனா வட்டத்தை வெட்டலாம், வெட்டாமலும் போகலாம். எது என்று கேள்வி சொல்லவில்லை. மூன்றாவது வழி மட்டும் கிடையாது; அதனால் இரண்டு முடிவுகளில் ஒன்று சரியாகத்தான் இருக்கும். (பேனா எப்படிப் புத்தகமாகும் என்று கேட்டவர், கேள்வி தயாரித்தவரிடம்தான் முறையிட வேண்டும்.)

'எல்லாப் பேனாக்களும் நாற்காலிகள்', 'எந்தப் பேனாவும் நாற்காலி அல்ல' என்ற ஜோடி வந்தால் உஷார். பாதிப் பேனாக்கள் மட்டும் நாற்காலிகளாக இருந்தால் இரண்டுமே பொய்; அங்கே இந்த விடை செல்லாது.