நாகர்கோவிலில் சீன ஆய்வு மையம்: தேவையா, வெட்டிச் செலவா?

வேளிமலை: நான் வேலை பார்க்கும் பல்கலைக்கழகத்தில் சீன ஆய்வுக்கென்று தனி மையம் தொடங்கலாம் என்று பேச்சு ஓடுகிறது, இடம் நாகர்கோவில் பக்கம். முதல் திட்டக்குறிப்பு எழுதும் வேலை என் தலையில். வரைவில் இப்போதைக்கு மூன்று ஆசிரியர் பணியிடம், நூலகம், மாலைநேர மாண்டரின் (சீனாவின் பொதுமொழி) வகுப்பு, முனைவர் பட்டத்துக்கு நாலு இடம். என்ன நினைக்கிறீர்கள்? திட்டுவதென்றாலும் காரணத்தோடு திட்டுங்கள்.

குளச்சல்காரன்: காரணத்தோடேயே திட்டுகிறேன் அண்ணே. சாந்திநிகேதனில் தாகூர் 1937லேயே சீன பவனம் திறந்துவிட்டார், டெல்லியில் ஜேஎன்யூ இருக்கிறது, சென்னை ஐஐடியில் சீன ஆய்வு மையம் இருக்கிறது. சீன மொழி ஒழுங்காகப் படித்தவர்கள் அங்கேயே கொஞ்சம்தான், அதிலும் பாதிப் பேரை கம்பெனிகள் கொத்திக்கொண்டு போய்விடுகின்றன, மீதியில் ஒருவர் கௌரவ விரிவுரையாளர் சம்பளத்துக்கு நாகர்கோவில் வருவாரா? போர்டு மாட்டுவீர்கள், வருஷத்துக்கு ஒரு கருத்தரங்கு, மதியம் பிரியாணி, குரூப் போட்டோ. அவ்வளவுதான் நடக்கும்.

தோவாளைப் பூ: ஏன் இப்படி எடுத்ததுமே அபசகுனமாகப் பேசுகிறீர்கள்? போதிதர்மர் காஞ்சிபுரத்திலிருந்து சீனாவுக்குப் போன பௌத்தத் துறவி. அவர் பெயரில் ஒரு இருக்கை வைத்தாலே உலகமே திரும்பிப் பார்க்கும்.

வேளிமலை: பூ, மையம் வேண்டும் என்று நான் நினைப்பதே இதனால்தான். போதிதர்மரைப் பற்றிக் கிடைக்கும் மிகப் பழைய சீனக் குறிப்பு 547 வாக்கில் லோயாங் நகரத்துக் கோயில்களைப் பற்றி யாங் சுவான்சி எழுதியது. அதில் அவர் பாரசீகத்துக்காரர் என்று இருக்கிறது. இன்னொரு பழைய குறிப்பில்தான் தென்னிந்திய அரசனின் மூன்றாவது மகன் என்று வருகிறது. காஞ்சிபுரம் இந்த இரண்டிலுமே கிடையாது. இதை மூலத்தில் படித்துவிட்டுச் சண்டை போட நம்மிடம் ஆள் இல்லை, அதனால் சினிமா பார்த்துவிட்டுச் சண்டை போடுகிறோம்.

தோவாளைப் பூ: அது சரி, பாரசீகம் என்று எழுதினவர் மட்டும் நேரில் கேட்டாரா?

குளச்சல்காரன்: 😂 இதற்குத்தான் மூன்று பணியிடம்.

தூத்தூர் ஜெ: போதிதர்மரை விடுங்கள். எங்கள் பக்கத்து ஆழ்கடல் படகுகள் சுறா பிடித்துப் பிழைத்தவை. சுறாவின் துடுப்பு போய்ச் சேர்ந்தது ஹாங்காங், சீனா. கரையில் எங்களுக்குத் தெரிந்தது தரகர் சொன்ன விலை மட்டும், அங்கே என்ன விலை, யார் வாங்குகிறார்கள், எந்த மாசம் தேவை கூடும், ஒன்றும் தெரியாது. 2015ல் மத்திய அரசு சுறாத் துடுப்பு ஏற்றுமதியையே தடை செய்தது. இப்போது அரபிக்கடலில் எல்லை தாண்டின பொதுக்கடலில் சீனக் கப்பல்கள் வரிசையாக விளக்குப் போட்டுக் கணவாய் பிடிக்கின்றன. அந்தக் கம்பெனிகள் யாருடையவை, அவற்றுக்கு அரசு மானியம் எவ்வளவு, இதெல்லாம் சீன மொழியில் எங்காவது எழுதித்தானே இருக்கும்? அதைப் படித்துச் சொல்ல ஒரு ஆள் இருந்தால் நான் கைதட்டுவேன்.

குளச்சல்காரன்: ஜெ, நீ சொல்வது நியாயம், ஆனால் அது மீன்வளத் துறை செய்யவேண்டிய வேலை.

தூத்தூர் ஜெ: செய்தார்களா?

மண்டைக்காட்டு மணல்: மணலைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லையே. மணவாளக்குறிச்சியில் நம் கடற்கரை மணலிலிருந்து இல்மனைட், சிர்கான், மோனசைட் என்கிற கனிமங்களைப் பிரிக்கிறார்கள். மோனசைட்டில், காந்தம் செய்யத் தேவைப்படும் அரிய மண் தனிமங்கள் இருக்கின்றன. உலகத்தில் அவற்றைச் சுத்திகரிக்கும் வேலையில் பெரும்பகுதி சீனாவிடம். 2025 ஏப்ரலில் ஏழு தனிமங்களுக்கு அவர்கள் ஏற்றுமதிக் கட்டுப்பாடு போட்டதும் இங்கே கார் கம்பெனிகளே காந்தம் கிடைக்காமல் தவித்தன. அந்த உத்தரவை பெய்ஜிங் வெளியிட்ட அன்றே படித்து, இது நம் கடற்கரைக்கு என்ன செய்யும் என்று சொல்ல இந்த மாவட்டத்தில் ஒருத்தர் உண்டா?

குளச்சல்காரன்: கிள்ளியூர் பக்கம் 1,144 ஹெக்டேரில் மணல் எடுக்கும் திட்டத்துக்கு மீனவ ஊர்கள் எதிர்த்து நின்றது மறந்துவிட்டதா? சீனா கட்டுப்பாடு போட்டது, அதனால் இங்கே தோண்டு என்று அறிக்கை எழுதத்தான் உங்கள் மையத்தைப் பயன்படுத்துவார்கள்.

மண்டைக்காட்டு மணல்: மாற்றி யோசியுங்கள். உள் மங்கோலியாவில் பாவ்டோ என்கிற ஊரில் இதே தொழிலின் கழிவு ஏரியாகத் தேங்கி நிற்கிறது. அங்கே மண்ணுக்கும் தண்ணீருக்கும் என்ன ஆனது என்று சீன விஞ்ஞானிகளே கட்டுரை எழுதியிருக்கிறார்கள். எதிர்ப்பவர்களுக்கு அதைவிட நல்ல ஆதாரம் எங்கே கிடைக்கும்?

குளச்சல்காரன்: சரி, இது ஒரு நல்ல பாயிண்ட். ஆனால் மையம் எதிர்ப்பவர்களுக்கு ஆதாரம் கொடுக்கும் என்று நீங்கள் நம்புவதுதான் எனக்கு வேடிக்கை.

பழைய நேயர்: நான் சீன வானொலி தமிழ் ஒலிபரப்பைச் சிற்றலையில் கேட்டு வளர்ந்தவன். 1963லேயே அவர்கள் தமிழ் படித்து நமக்கு ஒலிபரப்ப ஆரம்பித்துவிட்டார்கள். நாம் இப்போதுதான் கூடிப் பேசிக்கொண்டிருக்கிறோம். ஒரு எச்சரிக்கை மட்டும், வேளிமலை சார். சீன நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டு ஆசிரியர் வரவழைக்கலாம் என்று வரைவில் இருந்தால் எடுத்துவிடுங்கள். உள்துறையும் வெளியுறவுத் துறையும் முன்அனுமதி தரவேண்டும் என்று 2019லேயே பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) கடிதம் அனுப்பியது. அடுத்த வருஷமே, சீன அரசு ஆதரவில் மொழி சொல்லிக்கொடுக்கும் கன்பூசியஸ் நிறுவனங்களை மறுஆய்வு செய்தார்கள், புதிய கல்விக் கொள்கையின் வெளிநாட்டு மொழிப் பட்டியலில் மாண்டரினையும் காணவில்லை. கோப்பு மேஜை மேஜையாகச் சுற்றும்.

வேளிமலை: இருந்தது சார், இன்றைக்கே எடுக்கிறேன். மொழிக்கு வேறு வழி யோசித்தேன். சீனாவில் எம்பிபிஎஸ் முடித்துவிட்டு வந்த பிள்ளைகள் நம் மாவட்டத்தில் இருக்கிறார்கள். மருத்துவமனைப் பயிற்சியில் நோயாளியிடம் பேசியே ஆகவேண்டும் என்பதால் மொழி ஓரளவு வரும்.

குளச்சல்காரன்: அண்ணே, "எங்கே வலிக்கிறது, எத்தனை நாளாக" என்று கேட்கத் தெரிந்தவரிடம் சீனாவை ஆண்ட மங்கோலியர்களின் யுவான் வம்சத்து வரலாற்றைக் கொடுத்து வாசி என்பீர்களா? பேச்சு மொழி வேறு, அந்தப் பழைய எழுத்து வேறு. அதற்குத் தனியாக வருஷக்கணக்கில் உட்கார வேண்டும்.

வேளிமலை: உட்காரத்தான் இடம் கேட்கிறேன். குப்லாய் கான் 1280 வாக்கில் கொல்லத்துக்கு யாங் திங்பியைத் தூது அனுப்பினான். யுவான் வரலாற்றில் கொல்லத்துக்கும் பாண்டிய நாட்டுக்கும் தனிப் பகுதியே உண்டு. கொல்லத்தைத் தலைநகராகக் கொண்ட வேணாட்டின் தெற்குப் பகுதி நாம். 1281ல் சுவான்சௌ துறைமுகத்தில் தமிழ் வணிகர்கள் சிவன் கோயிலுக்குத் தமிழில் கல்வெட்டு வெட்டினார்கள், அதில் ஒரு வரி சீனத்திலும் இருக்கிறது. 2014ல் கொல்லம் துறைமுகத்தைத் தூர்வாரியபோது சீனக் காசுகள் வந்தன. கொல்லத்திலிருந்து பாண்டியர் துறைமுகமான காயலுக்குப் போகிற எந்தக் கப்பலும் குமரிமுனையைச் சுற்றாமல் போயிருக்க முடியாது. ஆனாலும் நம் வரலாற்று ஆட்கள் இதையெல்லாம் ஆங்கில மொழிபெயர்ப்பில் படித்துத்தான் எழுதுகிறார்கள்.

மார்த்தாண்டம் சந்தை: பழைய கதை எதற்கு, களியக்காவிளை தாண்டினால் விழிஞ்ஞம் துறைமுகம். 2024 ஜூலையில் அங்கே வந்த முதல் சரக்குக் கப்பல் சியாமெனிலிருந்துதான் வந்தது, உங்கள் சுவான்சௌ இருக்கிற அதே ஃபூஜியன் மாகாணம். கிரேன்களும் சீனாவிலிருந்து வந்தவை. வேலைவாய்ப்பு அங்கே இருக்கிறது.

குளச்சல்காரன்: என் யோசனை இது. கட்டடம், நூலகம், மூன்று பணியிடம் எதுவும் வேண்டாம். நன்றாகப் படிக்கிற இரண்டு பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்து தைவானுக்கு அனுப்புங்கள். அங்கே அரசே மொழி படிக்க உதவித்தொகை தருகிறது. மேலே ஆகிற செலவைப் பல்கலைக்கழகம் கொடுக்கட்டும். ஐந்தாறு வருஷம் கழித்துத் திரும்பி வந்ததும் மையத்தைத் திறக்கலாம்.

பழைய நேயர்: திரும்பி வரும்போது வேலை இல்லையென்றால் அவர்கள் ஏன் வருவார்கள்? சிங்கப்பூர் கூப்பிடும்.

குளச்சல்காரன்: அதற்கு எழுத்தில் உத்தரவாதம் கொடுங்கள். நிரந்தரப் பணியிடம், காலியாகவே வைத்திருங்கள்.

வேளிமலை: காலியாக வைத்த பணியிடம் நம் ஊரில் அடுத்த நிதியாண்டிலேயே காணாமல் போகும், தம்பி. இப்போதே வேதாந்தமோ வணிகமோ எதற்கோ மாற்றிவிடுவார்கள். ஒரு ஆளையாவது முதல் வருஷமே உட்காரவைக்க வேண்டும். மற்ற இரண்டு பணியிடத்துக்குப் பதிலாக நீ சொன்ன இரண்டு பேரை அனுப்புவது, இதற்கு நான் தயார். பழஞ்சீனம் ஒருவர், சட்டமும் வணிகமும் படிக்கிற மாதிரி இன்னொருவர்.

குளச்சல்காரன்: நூலகப் பணத்தில் பாதியை அதற்குத் திருப்புங்கள், அப்போதுதான் ஒத்துக்கொள்வேன். பூட்டின அலமாரியில் சீனப் புத்தகம் கரையான் தின்பதைப் பார்க்க எனக்கு ஆசை இல்லை.

தூத்தூர் ஜெ: அந்த இரண்டு பேரில் ஒருவர் கடற்கரைப் பிள்ளையாக இருக்க வேண்டும் என்று வரைவிலேயே எழுதுங்கள். அப்புறம் மாலை வகுப்பு நாகர்கோவிலில் என்றால் எங்கள் பிள்ளைகள் வீடு திரும்ப ராத்திரி ஆகிவிடும். சனி, ஞாயிறு வையுங்கள்.

மார்த்தாண்டம் சந்தை: எதற்கு நாகர்கோவில்? மார்த்தாண்டத்தில் வையுங்கள்.

தோவாளைப் பூ: தொடங்கிவிட்டார்கள்டா.