போர்ல உயிர் தப்புன யூதர்கள் 1945க்கு அப்புறம் எங்க போனாங்க, எப்படிப் பொழச்சாங்க?

மேலூர் டீச்சர்:
எல்லாருக்கும் வணக்கம். மேலூர் பக்கம் ஒரு ஸ்கூல்ல பத்தாங்கிளாஸுக்கு சோஷியல் எடுக்குறேன். இப்ப ரெண்டாம் உலகப்போர் பாடம் போய்க்கிட்டு இருக்கு. ஹிட்லர், வதை முகாம், அறுபது லட்சம் யூதர்களக் கொன்னது, 1945ல போர் முடிஞ்சது, அவ்வளவுதான், அடுத்த பாடத்துக்குப் போயிடுவோம். போன வாரம் ஒரு பொண்ணு எந்திரிச்சு "மிஸ், கேட்டத் தொறந்து விட்டாங்கள்ல, அன்னைக்கு ராத்திரி அவங்க எங்க போய்ப் படுத்தாங்க?"ன்னு கேட்டா. திருவாதவூர் இலங்கைத் தமிழர் முகாம்ல இருந்து வர்ற புள்ள.

இஸ்ரேலுக்குப் போனாங்க, அமெரிக்காவுக்குப் போனாங்கன்னு ஒத்த வரில சொல்லி அவள உக்கார வைக்க எனக்கு மனசு வரல. வீடு இல்ல, சொந்தபந்தம் இல்ல, கைல ஒரு பேப்பர் இல்ல, பாஷை தெரியாத ஊரு. அங்க போய் என்ன வேலை பாத்தாங்க, யார் ஒத்தாசை பண்ணுனா, எப்படிக் குடும்பம்னு ஒண்ணு மறுபடி அமைஞ்சது? தெரிஞ்சவங்க விவரமா எழுதுங்க, புள்ளைககிட்ட அப்படியே சொல்லப் போறேன்.

வைகைக்கரை:
டீச்சர், அந்தப் புள்ளைக்கு நேர் பதில் சொல்லணும்னா, நெறைய பேர் அதே முகாம்லதான் படுத்தாங்க. பெர்கன்-பெல்சன்ங்குற முகாம 1945 ஏப்ரல் 15ம் தேதி பிரிட்டிஷ் பட்டாளம் தொறந்துச்சு. தொறந்ததுக்கு அப்புறமும் டைபஸ் காய்ச்சல்லயும் பட்டினி கெடந்த ஒடம்பு தேறாமயும் பதிமூணாயிரம் பேருக்கு மேல செத்துப் போனாங்க. பொழச்சவங்கள பக்கத்துல ஜெர்மன் பட்டாளம் இருந்த கட்டடங்களுக்கு மாத்திட்டு, நோய் பரவக்கூடாதுன்னு பழைய கொட்டகைகளக் கொளுத்திட்டாங்க. அந்தக் கட்டடங்களே அகதி முகாம் ஆயிருச்சு.

சொந்த ஊருக்குத் திரும்பிப் போனவங்களும் உண்டு. போய்ப் பாத்தா அவங்க வீட்ல வேற ஆளு குடியிருக்கான், வாசல்ல நிக்க வெச்சு நீ இன்னும் உசுரோடயா இருக்கன்னு கேக்குறான். போலந்துல கியெல்ட்சேன்னு ஒரு ஊரு, 1946 ஜூலை 4ம் தேதி, போர் முடிஞ்சு ஒரு வருசத்துக்கு மேல ஆச்சு, ஒரு பையன யூதர்கள் கடத்திட்டாங்கன்னு பொய்யக் கெளப்பி விட்டு கூட்டம் சேந்து 42 பேரக் கொன்னாங்க. அதக் கேள்விப்பட்டதும் ஆயிரக்கணக்குல ஜனங்க மூட்டையக் கட்டிக்கிட்டு ஜெர்மனில அமெரிக்கப் பட்டாளம் இருந்த பகுதிக்கே ஓடி வந்தாங்க, எந்த நாட்டுக்காரன் அழிச்சானோ அந்த நாட்லயே தஞ்சம். ஜெர்மனி, ஆஸ்திரியா, இத்தாலின்னு முகாம்கள்லயும் அத ஒட்டியும் ரெண்டரை லட்சம் யூதர்கள் வரைக்கும் இருந்துருக்காங்க.

ஆனா டீச்சர், அந்த முகாம்கள்ல கல்யாணம் நடந்துச்சு பாருங்க, அதக் கண்டிப்பா கிளாஸ்ல சொல்லுங்க. அப்பா அம்மா இல்லாத பொண்ணு, பொண்டாட்டி புள்ளைய பறிகுடுத்த ஆம்பள, பழகி கொஞ்ச நாள்லயே கட்டிக்கிட்டாங்க, ஒருத்தருக்கு ஒருத்தர் தொணை வேணும்ல. பெல்சன்ல ஒரு பொண்ணுக்கு பாராசூட் துணிய வாங்கி, அங்க இருந்த தையக்காரம்மாவ வெச்சு வெள்ளைக் கவுன் தெச்சாங்க, பின்னால அதே கவுன வாங்கிப் போட்டுக்கிட்டு வேற வேற பொண்ணுங்களும் கல்யாணம் பண்ணிக்கிட்டாங்க. 1946, 47ல அந்த முகாம்கள்ல கொழந்தை பொறந்த விகிதம் உலகத்துலயே ரொம்ப அதிகமான எடங்கள்ல ஒண்ணு. பள்ளிக்கூடம், பத்திரிகை, நாடகக் குழு எல்லாம் அவங்களே நடத்துனாங்க. ஓஆர்டின்னு ஒரு யூத அமைப்பு தையல், எலக்ட்ரிகல், மெக்கானிக் வேலையெல்லாம் சொல்லிக் குடுத்துச்சு, ஏன்னா வெளிநாட்டுக்காரன் விசா குடுக்கணும்னா மொதல்ல கேக்குறது உனக்கு என்ன தொழில் தெரியும்ங்குறதுதான்.

புதுமண்டபத்தான்:
வைகைக்கரை அண்ணே சொன்ன தையல் விசயத்துல நானும் கொஞ்சம் சொல்லிக்கிறேன். எங்கப்பா மீனாட்சியம்மன் கோயில் எதிர்க்க புதுமண்டபத்துல தூணுக்கு நடுவுல மிஷினப் போட்டு காலமெல்லாம் தெச்சவரு, நான் இப்ப டொரண்டோல இருக்கேன்.

இந்த ஊர்ல ஸ்பாடினான்னு ஒரு ரோடு இருக்கு, ஒரு காலத்துல அது பூரா துணி தைக்குற கம்பெனிதான். கனடா 1933ல இருந்து 45 வரைக்கும் சுமார் அஞ்சாயிரம் யூதர்களத்தான் உள்ள விட்டுச்சு, அம்புட்டுப் பெரிய தேசம்! போர் முடிஞ்ச பெறகும் யூத அகதிங்கள எடுக்க அரசாங்கத்துக்கு இஷ்டம் இல்ல. அப்ப இங்க இருந்த யூத முதலாளிங்களும் தொழிலாளர் சங்கமும், வழக்கமா எதிரும் புதிருமா நிக்கிறவங்க, ஒண்ணாப் போய் எங்களுக்கு தையக்காரங்க பத்தலன்னு கேட்டு 1948 வாக்குல குடும்பத்தோட சேத்து ரெண்டாயிரம் பேருக்கு மேல முகாம்கள்ல இருந்து கூட்டிட்டு வந்தாங்க. அதுலயும் யூதர்கள் பாதிக்கு மேல இருக்கக் கூடாதுன்னு அரசாங்கம் கண்டிசன் போட்டுச்சு. இங்க இருந்து ஆளுங்க முகாமுக்கே போய் காஜா, அதாவது பட்டன் மாட்டுற ஓட்டை, தெச்சுக் காட்டச் சொல்லி டெஸ்ட் வெச்சாங்க. தையல் தெரியாதவங்களும் பேரு குடுத்தாங்க, அவசர அவசரமா யார்கிட்டயாவது கத்துக்கிட்டு வந்து உக்காந்தாங்க.

அத மொதத் தடவ படிச்சப்ப எனக்கு தொண்டை அடைச்சிருச்சு. காஜா எடுக்குறது எம்புட்டுக் கஷ்டம்னு எனக்குத் தெரியும், துணிய வெட்டிட்டு ஓரம் பிரியாம நூல சுத்திச் சுத்திக் கொண்டு வரணும், கை நடுங்குச்சுன்னா துணியே பாழ். அது சரியா வந்தா ஒரு நாடு, வரலன்னா மறுபடி முகாம்.

ஆனையூர்க்காரி:
அக்கா, நான் மதுரை ஆனையூர் முகாம்ல பொறந்து வளந்தவ. அவங்களுக்கு நடந்ததும் எங்களுக்கு நடந்ததும் ஒண்ணுன்னு சொல்ல மாட்டன், அது வேற அளவு. ஆனா அந்தப் புள்ள ஏன் அந்தக் கேள்வி கேட்டான்னு எனக்குத் தெரியும். எங்கட அம்மம்மா 1990ல வந்தவ, தாலுகா ஆபீஸ் ஆக்கள் செக்கிங் வாற நாள் எண்டா விடியவே குளிச்சிட்டு கார்டோட திண்ணைல இருப்பா.

எனக்கு ரெண்டு விசயம் தெரியணும். கடைசி முகாம் எப்ப மூடினவங்கள்? போன நாட்டுல அவங்கட கதைய யாராவது உக்காந்து கேட்டாங்களா?

வைகைக்கரை:
தங்கச்சி, கடைசி யூத அகதி முகாம் மியூனிக் பக்கத்துல ஃபோரென்வால்ட், அத மூடுனது 1957ல. போர் முடிஞ்சு பன்னண்டு வருசம். ஒடம்பு சரியில்லாதவங்க, காசநோய்னு விசா கெடைக்காதவங்கதான் கடைசி வரைக்கும் அங்க மாட்டிக்கிட்டாங்க. 1948 மே மாசம் இஸ்ரேல் உருவானதும் பெருங்கூட்டம் அங்க போச்சு. அமெரிக்கா அதே வருசம் அகதிங்களுக்குன்னு சட்டம் போட்டுச்சு, அதுலயும் யூதர்கள ஒதுக்குற மாதிரி நெபந்தனைங்க இருந்துச்சு, 1950லதான் திருத்துனாங்க. ஆஸ்திரேலியால மெல்போர்னுக்கும் நெறைய பேர் போனாங்க.

வேலைன்னு பாத்தா, நியூஜெர்சில வைன்லேண்ட்னு ஒரு ஊர்ல நூத்துக்கணக்கான குடும்பங்க கோழிப்பண்ணை போட்டாங்க. எதுக்கு கோழின்னா, இங்கிலீஷ் தெரியத் தேவையில்ல, மொதலாளி கெடையாது, புருசன் பொண்டாட்டி சேந்தே பாத்துக்கலாம், யூத விவசாய சங்கம் கடன் குடுத்துச்சு. ஊசி பிடிச்சவரு, கடை வெச்சவரு எல்லாம் விடியக்காலைல எந்திரிச்சு முட்டை பொறுக்குனாங்க. ஒரு பத்து வருசத்துக்குள்ள முட்டை வெலை விழுந்து நெறைய பேரு நொடிச்சுப் போய் மூணாவது தடவையா வேற தொழிலு தேடுனாங்க, அதையும் சொல்லணும்.

கதைய யாரும் கேட்டாங்களான்னு கேட்டீங்க. ரொம்ப வருசம் கேக்கல. சொந்தக்காரங்களே பழசப் பேசாத, மறந்துட்டு பொழப்பப் பாருன்னுட்டாங்க. மேற்கு ஜெர்மனி நஷ்டஈட்டுச் சட்டம் போட்டப்ப, ஒடம்புக்கு வந்த சீக்கு முகாம்னாலதான் வந்துச்சுன்னு டாக்டருங்க முன்னாடி நிரூபிக்கச் சொன்னாங்க, அதுக்குக் கூசிப்போய் அந்தக் காசே வேணாம்னவங்க உண்டு. 1961ல ஜெருசலேம்ல, யூதர்கள வதை முகாம்களுக்கு அனுப்புற வேலையப் பாத்த நாஜி அதிகாரி ஐக்மன் மேல கேஸ் நடந்தப்ப உயிர் தப்புனவங்க நூறு பேரு வரைக்கும் கூண்டேறி சாட்சி சொன்னாங்க, அது ரேடியோல போச்சு, அப்பத்தான் பக்கத்து வீட்டுக்காரனே ஓஹோ இவரு இத்தனையும் பட்டுட்டா இங்க கடை வெச்சிருக்காருன்னு திரும்பிப் பாத்தான்.

மேலூர் டீச்சர்:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. காஜா டெஸ்டும் பாராசூட் கவுனும் நாளைக்கே கிளாஸ்ல சொல்லப் போறேன். ஒண்ணே ஒண்ணு கேட்டுக்குறேன், பிரிஞ்ச சொந்தங்கள எப்படித் தேடுனாங்க? அந்தப் பொண்ணோட மாமா ஒருத்தரப் பத்தி இன்னும் தகவல் இல்ல, அடுத்து அதத்தான் கேப்பா.

வைகைக்கரை:
மொதல்ல செவுத்துல பேர் பட்டியல் ஒட்டுனாங்க, ஒவ்வொரு முகாமா நடந்து போய்ப் படிச்சாங்க. இஸ்ரேல் ரேடியோல உறவினரைத் தேடுற நிகழ்ச்சியே தெனமும் வந்துச்சு. ஜெர்மனில பாட் அரோல்சன்ங்குற ஊர்ல நாஜிங்க விட்டுட்டுப் போன பதிவேடு, முகாம் அட்டை எல்லாம் சேத்து வெச்ச காப்பகம் இருக்கு, ஒண்ணே முக்கால் கோடி பேரப் பத்தின விவரம். இப்ப பெரும்பகுதி நெட்லயே தேடலாம், பேரப் புள்ளைங்க இன்னைக்கும் கடுதாசி போட்டுக் கேக்குறாங்க, அவங்களும் தேடிப் பாத்து பதில் போடுறாங்க. அந்தப் பொண்ணோட மாமா விசயமா செஞ்சிலுவைச் சங்கத்துல காணாமப் போன சொந்தங்களத் தேடித் தர்ற பிரிவு இருக்கு டீச்சர், மனு எழுத ஆனையூர்த் தங்கச்சிகிட்டயும் ஒரு வார்த்தை கேளுங்க.

ஆனையூர்க்காரி:
அக்கா, எனக்குத் தனி மெசேஜ் போடுங்க. மாமாட முழுப்பேர், ஊர், கடைசியா ஆர் எங்க கண்டது, இந்த மூண்டையும் அவட அம்மாட்ட கேட்டு எழுதி வைங்க.